மனையை மறவாத மனிதர்

ஒரு காலிமனையின் மேல் இவ்வளவு அக்கறை வைத்திருப்பவரை உரிமையாளர்களிடையேகூட அதிகம் காண முடியாது. போலிப் பத்திரம் போடுகிறவரைத்தான் சொல்கிறேன். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் கூடுவாஞ்சேரிப் பக்கம் அரை கிரவுண்டு வாங்கிப் போட்ட அப்பா காலமாகிவிட்டார். பிள்ளைகள் துபாயிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். சர்வே எண் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். நான்கு எல்லையும், வேலி சாய்ந்த வருடமும், குடும்பத்தில் யாரும் இந்தப் பக்கம் வராமல் எவ்வளவு காலமாயிற்று என்பதும் தெரியும். தெருமுனைப் பெட்டிக்கடையில் அந்தக் குடும்பத்தைப் பற்றி நலம் விசாரிக்கிற ஒரே ஆளும் இவர்தான்.

இவருடைய படிப்பும் பெரிது. வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். இவர் பார்க்கிறார். முப்பது வருடத்துப் பதிவுகளை வரி விடாமல் படித்து, அடமானமோ வழக்கோ இல்லாத, வெகுகாலமாகக் கைமாறாத மனையைத் தேர்ந்தெடுக்கிறார். பழைய பத்திரத்தின் நகலுக்கு முறையாக மனுப் போட்டுப் பணம் கட்டுகிறார். மூலப்பத்திரம் தொலைந்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் புகார் தந்து சான்று வாங்குகிறார். நாளிதழில் விளம்பரமும் கொடுக்கிறார். நிஜமான மூலப்பத்திரம் வங்கி லாக்கரில் பத்திரமாக இருக்கிறது. லாக்கர் சாவி நம்மிடம் இருப்பதால் மனையும் நம்மிடம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

குடும்ப வாஞ்சையிலும் குறை சொல்ல முடியாது. இறந்த பெரியவருக்கு வயதொத்த ஒருவரைத் தேடிப் பிடித்து, ஆதாரும் செய்து கொடுத்து, மறுபடி உயிரோடு கொண்டுவந்து நிறுத்துகிறார். வாரிசு இல்லாதவருக்கு மகனாகிறார். உயிரோடு இருப்பவருக்கு இறப்புச் சான்று வாங்குகிறார். முதலில் பவர், அங்கிருந்து ஒருவருக்குக் கிரயம், அவரிடமிருந்து இன்னொருவருக்கு. கடைசியாக வாங்குபவர், வீட்டுக் கடன் வாங்கி வருகிற ஒரு குமாஸ்தாவாக இருப்பார். இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று பார்க்காமலே எதிரிகளாகின்றன. சாட்சிகளின் பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும்: அன்று காலைவரை முகமே பார்த்திராதவரை நன்கு தெரியும் என்று கையெழுத்துப் போடுகிறார்கள்.

அரசுக்கும் இவர் நல்ல பிள்ளை. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பிறர் மனையை விற்பதற்கும் ஒரு பைசா பாக்கி வைக்காமல் கட்டுகிறார். அரசும் வாங்கிக்கொள்கிறது. உரிமை யாருடையது என்று கேட்கிறதா என்றால், இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்கிறார். உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. மூலப்பத்திரத்தைக் காட்டியாக வேண்டும் என்று கொண்டுவந்த 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிவிட்ட 77-ஏ பிரிவு 2022இல் நடைமுறைக்கு வந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. பதிவாளர் நீதிபதி அல்ல என்ற அந்த வாதம் நியாயமானதே. ஆனால் ஒரு காலைப் பொழுதில் பதிவாகும் போலியை ரத்து செய்ய உரிமையாளர் சிவில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறதே, அது நியாயமா? இங்கிலாந்தில் ஒருவர் தம் வீட்டை எச்சரிக்கைச் சேவையில் பதிந்துவைத்தால், அதன் மேல் விண்ணப்பம் வந்தவுடன் நிலப்பதிவகம் மின்னஞ்சலில் சொல்கிறது. பதிவேட்டுப் பிழையால் நட்டம் வந்தால் ஈடு கேட்கவும் அங்கே வழி உண்டு. 9 சதவீதம் வாங்குகிற அரசு இதையாவது செய்யக் கடமைப்பட்டது.

பொய்த் தகவல் தந்து பதிவு செய்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது அதே பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவு. அதுவும் இவருக்குத் தெரியும். தண்டனைக்கு முன்னால் புகார் வர வேண்டும், புகாருக்கு முன்னால் உரிமையாளருக்குச் சங்கதி தெரிய வேண்டும் என்பதும் தெரியும். அந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்.

இவருடைய அக்கறையில் பாதி போதும் நமக்கு. அப்பா பெயரிலேயே கிடக்கிற பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். வரி ரசீதைத் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள். வேலி கட்டி, பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய பலகை வையுங்கள். வெளிநாட்டில் இருந்தால், நம்பகமான உறவினர் ஒருவரை அடிக்கடி போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தெரியாத பெயர் ஒன்று இருந்தால் அன்றைக்கே காவல் துறைக்கும் மாவட்டப் பதிவாளருக்கும் எழுதிக் கொடுத்து, வழக்கறிஞரைப் பாருங்கள். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம்.