ஒட்டாத சுவரில் நீர் வாயில்

கேள்வி: ஜீவ அணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்பாலானது என்கிறார்கள், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதே, பின் அணுவுக்குள் தண்ணீர் நுழைவது எப்படி?

பதில்: ஒட்டாதிருப்பதனால்தான் அது சுவராக நிற்கிறது, நீரில் கரையும் பொருளால் ஆகியிருந்தால், முதல் மடக்குத் தண்ணீரிலேயே நாம் கரைந்து போயிருப்போம்! 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் டச்சு விஞ்ஞானிகள், ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்மேல் மெல்லிய ஏடாகப் பரப்பி அளந்தபோது, அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இருக்கக் கண்டு, சவ்வு ஈரடுக்கானது என்று நிர்ணயித்தார்கள். நீரை விரும்பும் தலைகள் இருபுறமும் வெளிமுகமாகவும், நீரை வெறுக்கும் வால்கள் நடுவே ஒன்றையொன்று நோக்கியும் அமைந்த அச்சுவரில் நீர் சிறிது கசியுமாயினும், சிவப்பணுவுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்தக் கசிவு போதாது.

ஆகவே நீருக்கென்றே அங்கே புரத வாயில்கள் உண்டு. 1992-இல் அமெரிக்கரான பீட்டர் ஆக்ரேயின் குழுவினர், தவளையின் முட்டை அணுவில் இவ்வாயிலை உண்டாக்கி உப்புக் குறைந்த நீரில் இட, அது விரைவாக உப்பி வெடித்தது. வாயிலற்ற முட்டையோ ஏறக்குறைய மாறாமல் கிடந்தது. அக்கண்டுபிடிப்புக்காக ஆக்ரே 2003-இல் நோபல் பரிசு பெற்றார். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டும் நம் சிறுநீரகங்கள், ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றிவிட்டு எஞ்சியதை உடலுக்கே மீட்டுத் தருவது பெரிதும் இவ்வாயில்களின் உபகாரமே. எல்லாரையும் விலக்கும் மதிலும், உரியவரை அறிந்து திறக்கும் கதவும் சேர்ந்திருப்பதால்தான் உயிர் வாழ்கிறது.