கல்வெட்டுக்கு முதல் அட்மிஷன்

அரசாங்கத்தின் கருணை ஓசூரை ஒட்டிய மத்திகிரிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1824இல் வெள்ளைக்காரன் பட்டாளத்துக் குதிரைகளுக்காக இங்கே ஒரு பண்ணையே வைத்தான். குதிரை நொண்டினால் பட்டாளம் நின்றுவிடுமே என்று அவனுக்குக் கவலை. ஓசூர் சிப்காட்டில் அந்தக் கவலையும் கிடையாது. பிரஸ் மெஷினில் ஒருவன் விரல் போனால், கேட்டுக்கு வெளியே பத்து விரலோடு இன்னொரு காண்ட்ராக்ட் பையன் நிற்கிறான்.

விரல் போனவனுக்காகத்தான் ஆஸ்பத்திரி கட்டுகிறார்களாம். கட்டத்தான் செய்கிறார்கள். 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் டெல்லியில் இருந்தபடியே காணொலியில் தமிழ்நாட்டின் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்து வைத்தார். அதில் ஒன்று கிருஷ்ணகிரிக்கு வெளியே போலுப்பள்ளியில். கல்லூரிக்கு 325 கோடி ரூபாய் என்பது திட்டக் கணக்கு. மத்திய அரசு 195 கோடி, மீதி மாநிலம். அடிக்கல் அ.தி.மு.க. காலத்தில், திறப்பு தி.மு.க. காலத்தில், திறந்த கை பா.ஜ.க.வுடையது. மூன்று அப்பன் உள்ள பிள்ளைக்குப் பால் வாங்கத்தான் ஆளில்லை. 2025இல் தேசிய மருத்துவ ஆணையம், தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு, பேராசிரியர் போதவில்லை, வசதி போதவில்லை என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதே, அதற்கு உரிமை கொண்டாட மூவரில் ஒருவராவது வந்தாரா?

இதில் மர்மம் ஒன்றுமில்லை. சுவரில் கல்வெட்டு பதிக்கலாம். மயக்க மருந்து டாக்டர் மேல் பதிக்க முடியாது. சுவருக்கு டெண்டர் உண்டு. டெண்டர் உள்ள இடத்தில் வேறு என்னென்ன உண்டு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நர்ஸ் போட்டால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். அதில் யாருக்கு என்ன லாபம், நோயாளியைத் தவிர?

ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு புது பிளாக்குக்குள் போய்ப் பாருங்கள். எந்த ஊர் என்றாலும் சரிதான். டைல்ஸ் பளபளக்கும். லிஃப்ட் கதவில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்க மாட்டார்கள். பைக்கில் விழுந்தவனின் தம்பி ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருவான். தூங்கி எத்தனை நாளாயிற்றோ தெரியாத ட்யூட்டி டாக்டர், தலைக்காயத்தைப் பார்த்ததும் சீட்டை எழுதிவிடும்: ஹையர் சென்டருக்கு ரெஃபர். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. ஒற்றை ஆளாக அது வேறென்ன செய்யும்?

எங்கள் ஓசூர்க்காரனுக்கு ஹையர் சென்டர் எங்கே? ஓசூர் ரோட்டில். அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள், அது பெங்களூரில் இருக்கிற ஓசூர் ரோடு. மூளை, நரம்பு வைத்தியத்துக்கான நிமான்ஸ் அங்கேதான். அத்திப்பள்ளியைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நிற்கும்.

இதற்கே அலுத்துக்கொண்டால் எப்படி? மதுரைக்காரனிடம் கேளுங்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் விழுந்தது 2019 ஜனவரி 27. அதற்கு ஒரு வாரம் கழித்து அடிக்கல் கண்ட ஜம்மு எய்ம்ஸை 2024 பிப்ரவரியில் திறந்தே விட்டார்கள். தோப்பூரில் வேலை தொடங்கவே 2024 ஆனது. சும்மா இருந்த காலத்தில் மதிப்பீடு மட்டும் 1,264 கோடியிலிருந்து 1,977 கோடிக்கு உழைத்து முன்னேறியது. 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் மதுரை எய்ம்ஸ் படிப்பை ராமநாதபுரத்தில் இரவல் கட்டடத்தில் ஆரம்பித்தார்கள்.

கல்வெட்டு ஆசையை நம்மால் ஒழிக்க முடியாது, திசை திருப்பிவிடலாம். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு கருங்கல் பதியுங்கள், தங்க எழுத்தில்: 'நரம்பியல் அறுவை நிபுணர். இப்பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பவர் மாண்புமிகு இன்னார். முன்னிலை இன்னார். வாழ்த்துரை இன்னார்.' ரெஃபர் சீட்டின் தலைப்பிலும் அவர்கள் படத்தை அச்சடித்துவிடலாம். அத்திப்பள்ளி வரும்வரை அந்தத் தம்பிக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமே.