கோபுரம் வைத்த வானொலி

கேள்வி: வானொலிக்காரர் யாராவது சினிமா கம்பெனி ஆரம்பித்ததுண்டா?

பதில்: பேஷாக! அமெரிக்காவின் டேவிட் சார்னாஃப். நியூயார்க் தெருக்களில் பேப்பர் விற்ற பையன்; 1906-ல் மார்க்கோனி கம்பெனியில் எடுபிடி; பிறகு வானொலிக் கம்பெனியான ஆர்.சி.ஏ.வின் பெரிய தலை. 1926-ல் என்.பி.சி. வானொலியைத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது.

பேசும்படம் வந்தபோது பெரிய ஸ்டூடியோக்கள், ஒலிப்பதிவுக் கருவிக்கு ஆர்.சி.ஏ.வை விட்டுப் போட்டிக் கம்பெனியிடம் போய்விட்டன. மனிதர் அசரவில்லை. வாடிக்கையாளர் வராவிட்டால் உண்டாக்கிவிட்டால் போயிற்று! ஒரு ஸ்டூடியோவையும் ஒரு தியேட்டர் வரிசையையும் இணைத்து 1928-ல் ஆர்.கே.ஓ. சினிமா கம்பெனி பிறந்தது. என்ன துணிச்சல்!

1933-ல் வந்த அவர்களுடைய 'கிங் காங்' கிடைத்தால் முதல் காட்சியைத் தவறவிடாதீர்கள்: பூமி உருண்டைமேல் நின்று மோர்ஸ் ஒலி எழுப்பும் அந்த வானொலிக் கோபுரம்தான் கம்பெனி முத்திரை.