எங்கள் பிளாக்கின் சுல்தானா

'நைட்டி' என்ற சொல்லைக் கஃப்தான் அக்கா காதுபட எங்கள் அடுக்ககத்தில் யாரும் சொல்வதில்லை. போன வருடக் கொலுவில் மூன்றாம் மாடிப் பாட்டிகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "அவசரமே இல்ல, நிதானமா குளிச்சிட்டு வாம்மா, சுண்டல் எடுத்து வைக்கிறேன்" என்றார், அவ்வளவுதான். அக்கா குளித்து, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டி, மல்லிகை வைத்து, மயில்கழுத்து நிறத்தில் 4,800 ரூபாய் சாட்டின் கஃப்தான் போட்டு வந்திருந்தார். பாட்டியோடு பேச்சு நின்று ஒரு வருடம் ஆகிறது.

இந்த அக்கா இப்போது எல்லா அடுக்ககத்திலும் இருக்கிறார். வயது ஐம்பதை ஒட்டி. பீரோவில் முப்பது பட்டுப்புடவை இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி உள்ளே வைப்பார். "கொசுவம் பிடிச்சு, பின் குத்தி, போன வருஷ ஜாக்கெட்ல கை நுழையாம… எதுக்குடி இந்தப் பாடு? இதுன்னா தலைவழியா விட்டா முடிஞ்சது." இது என்னைப் போன்ற நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்வது. ஊருக்குச் சொல்லும் காரணம் சரித்திரம்.

"துருக்கி சுல்தானுங்க போட்டதுடி இது. இஸ்தான்புல்ல, தோப்காப்பி அரண்மனையில இன்னிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க."

பொய்யில்லை. அங்கே தூதர்களுக்கும் தளபதிகளுக்கும் கஃப்தான் போர்த்தித்தான் மரியாதை செய்வார்களாம், நம்மூர் மேடையில் பொன்னாடை போர்த்துகிற மாதிரி. ஆனால் எந்தச் சுல்தானும் அதைப் போட்டுக்கொண்டு குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றியிருக்க மாட்டார்.

எல்லாம் அந்தக் கையால் வருகிற வினை. கஃப்தானுக்குத் தனியாகக் கை வெட்டுவதில்லை. உடம்புத் துணியே விரிந்து கையாகிவிடும். அக்கா வருவதற்கு முன்னால் அந்தக் கை வந்து எல்லாவற்றையும் விசாரிக்கும். பாயசத்தில் இனிப்பு போதுமா என்று தொட்டுப் பார்க்கும். கொலுப்படியில் செட்டியாரைத் தட்டிவிட்டு, செட்டியாரம்மாவைத் தனியாகக் கடை பார்க்க விட்டுவிடும். விளக்குப் பக்கம் அது திரும்பினால் நாலு பேர் ஒரே குரலில் அலறுவோம். சாட்டின் என்பது நூலின் பெயரல்ல, நெசவின் பெயர். பாவு நூல் ஒவ்வொரு தடவையும் நாலைந்து ஊடை நூல்களைத் தாண்டி மேலே மிதப்பதால் வருகிற மினுமினுப்பு. பட்டிலும் நெய்யலாம், 4,800 ரூபாய்க்கு மிதப்பது பாலியஸ்டர். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இதை அக்காவிடம் யார் சொல்வது? அசல் சில்க் சாட்டின் என்று கடைப்பெண் சத்தியம் செய்திருக்கிறாள்.

முன்கழுத்தில் ஆரி வேலைப்பாடு. ஜர்தோசிச் சுருள், கண்ணாடி, பாசிமணி எல்லாமாகக் கால் கிலோவாவது இருக்கும். முதுகுப்பக்கம் வெறும் காற்று. அதனால் முன்பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும்; அக்கா பேசுகிறபோதே தோளைப் பின்னால் இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் துணி வழுக்கும். மருமகள் கதையை ஆரம்பிக்கும்போது சாய்ந்து உட்கார்ந்திருப்பார், மருமகளின் அம்மா கதைக்குள் நுழைவதற்குள் நாற்காலி விளிம்புக்கு வந்துவிடுவார். அவர் எந்தெந்த வீட்டுக்குப் போனார் என்பதை மறுநாள் துடைப்பம் சொல்லும். எங்கள் வீட்டில் துடைப்பத்துக்கு முன்னால் என் கணவர் கண்டுபிடித்தார். சுண்டலில் கடுகு என்று நினைத்துக் கடித்தது பாசிமணி. பல் தப்பியது.

இந்தத் தீபாவளிக்கு மாதுளை நிறத்தில் ஒன்று வாங்கினார். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்க வேண்டும்; சாட்டினில் மஞ்சள் பட்டால் போகாது. அக்கா யோசித்து, உள்ளே தைத்திருந்த லேபிளில் வைத்தார். 'ஃப்ரீ சைஸ்' என்ற எழுத்துக்கு நடுவே மங்களகரமாக ஒரு பொட்டு.

பட்சணத் தட்டோடு நான் போனபோது, பழைய வழக்கை அவரே எடுத்தார். பாட்டியை இன்னும் மன்னிக்கவில்லை.

"ஒரே வித்தியாசம் சொல்றேன், கேட்டுக்கோ. நைட்டின்னா, காலிங்பெல் அடிச்சா மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் கதவைத் திறக்கணும். கஃப்தானுக்குத் துண்டே வேணாம். இந்த ஒரு விஷயம் போதாதா?"

போதும் என்றுதான் எனக்கும் பட்டது. இத்தனை வருடத்தில் இவ்வளவு துல்லியமாக யாரும் இலக்கணம் சொன்னதில்லை.

பெல் அடித்தது. சிலிண்டர் போடுகிற தம்பி, தீபாவளி இனாமுக்கு வந்திருந்தான். "இதோ வரேம்பா" என்று எழுந்தார் அக்கா. போகிற போக்கில் அவர் கை சோபா முதுகில் கிடந்ததை எடுத்து உதறி, கால் கிலோ ஆரி வேலைப்பாட்டையும் மூடித் தோளில் போட்டுக்கொண்டது.

டர்க்கி டவல்.