விருப்பு வாக்கும் வேலிக் கதையும்

அமெரிக்காவில் ஒரே கட்சிக்காரர் இருவர் வேட்பாளர் இடத்துக்கு முட்டிக்கொண்டால், கருத்துக்கணிப்பு என்ற பெயரில் வீட்டுக்குத் தொலைபேசி வரும். "இன்னார் இப்படிச் செய்தவர் என்று தெரிந்தால் அவருக்கு வாக்குப் போடுவீர்களா?" கேள்வி பாதி, கோள் பாதி. 2000இல் தென் கரோலினாவில் தமக்கு எதிராக இப்படி அழைப்புகள் போனதாக ஜோன் மக்கெய்ன் தரப்பு முறையிட்டது.

யாழ்ப்பாணத்தில் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஒரே பட்டியலில் நிற்பவர்களில் மூவருக்கு விருப்பு வாக்குப் போடலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஆகவே எதிர்க்கட்சிக்காரனை விடப் பக்கத்து இலக்கம்தான் முதல் எதிரி. "தம்பி, நான் குறையாச் சொல்லேல்லை. ஆனா, அவர் கொழும்பிலை ஆற்றையோ வீட்டை போனவராம், கேள்விப்பட்டனீரே?" காலையில் சந்தையில் விட்ட கதை, ரொறன்ரோ தூங்கப் போகுமுன் அங்கே போய், பின்னேரம் வட்ஸ்அப்பில் 'நம்பகமான வட்டாரம்' ஆகித் திரும்பிவிடும். கருத்துக்கணிப்பும் முடிந்தது, பரப்புரையும் முடிந்தது.

ஒரே கட்சிக்காரர் முட்டிக்கொள்வது விருப்பு வாக்கோடு நிற்கவில்லை. 2024 ஜனவரி 21இல் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் வாக்கெடுப்பு வைத்துத் தலைவரைத் தெரிவுசெய்தது: சிறீதரன் 184, சுமந்திரன் 137. பிறகு விஷயம் நீதிமன்றம் ஏறியது. அந்த நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போயின. தமிழரசுக்குக் கிடைத்தது ஒன்று.