பத்தியச் சுருட்டு

காசு ஏற ஏறக் காரம் குறையும் சரக்கு ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது டொமினிக்கன் சுருட்டுதான். மலிவுச் சுருட்டு தொண்டையைப் பிடித்து உலுக்கும். முதல் இழுப்பில் கண்ணில் நீர் வரும், இரண்டாவதில் விக்கல் வரும், மூன்றாவதில் குலதெய்வம் வரும். ‘மைல்டு’ என்று கேட்டு, பன்னிரண்டு டாலரை எண்ணி வைத்து வாங்கினால் இதெல்லாம் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் அந்தப் பன்னிரண்டு டாலர். பத்தியச் சோற்றுக்கு விருந்துச் சாப்பாட்டு விலை.

இந்த ஞானத்தை எனக்கு ஊட்டியவர் என் மனைவியின் அண்ணன். பிறந்து வளர்ந்தது திண்டுக்கல்லில். ஸ்பென்ஸர் கம்பெனி ஒரு காலத்தில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய ஊர் அது. அங்கே இருந்தவரைக்கும் மச்சான் சுருட்டைத் தொட்டதில்லை. தாத்தா திண்ணையில் பற்றவைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிய பிள்ளை. நியூஜெர்சியில் வீடு வாங்கி, பாதி முடி உதிர்ந்து, டாக்டர் உப்பையும் நெய்யையும் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் அவருக்குள் ரசனை பிறந்தது. அந்தச் செய்தி டாக்டருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அவர் வீட்டில் சுருட்டுக்கென்று தனியாக ஒரு மரப்பெட்டி இருக்கிறது. உள்ளே ஸ்பானிஷ் சீடர் பலகை, மூடியில் ஈரப்பதம் காட்டும் முள். முள் எழுபதிலேயே நிற்க வேண்டும். ரொம்ப ஏறினால் சுருட்டில் பூசணம் பிடிக்கும். ரொம்ப இறங்கினால் மேல் இலை காய்ந்து வெடிக்கும். பெட்டிக்குள் சூடு கூடினாலோ, இலைக்குள் தூங்கும் வண்டு முட்டை பொரிந்து, ஊசித்துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பயந்து புதுச் சுருட்டைச் சில நாள் ஃப்ரீசரில் போட்டு வைக்கிறார், வஞ்சிர மீனுக்கும் துருவிய தேங்காய்க்கும் நடுவில். குளிர்காலத்தில் பொங்க மறுக்கும் இட்லி மாவை ஓவனுக்குள் விளக்கைப் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கும் அவர் மனைவி, “அந்தப் பெட்டிக்கு நடக்கிற உபசாரத்துல பாதி மாவுக்கு நடந்தாப் போதும்” என்பார். மச்சான் காதில் விழாது.

“மாப்ள, காசியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். தெம்பு இருக்கறப்பவே தம்போரிலைப் பாத்துடணும்” என்றார் ஒருநாள். டிக்கெட் அவர் செலவு என்றதும் எனக்கும் பக்தி வந்துவிட்டது.

டொமினிக்கன் குடியரசுக்குப் போகிற மற்றவர்கள் கடற்கரையில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு சிபாவோ பள்ளத்தாக்குக்குப் போனோம். இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே யாக்கே ஆறு பாய்கிற கரிசல் பூமி. நடுவில் சந்தியாகோ நகரம், அதன் விலாவில் தம்போரில் என்கிற சிற்றூர். 1903இல் தொடங்கிய லா அவுரோரா இந்த வட்டாரத்துக் கம்பெனிதான், நாட்டிலேயே பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கத்தியப் புகையிலையை ஜெர்மன் வியாபாரிகள் கப்பல் கப்பலாக வாங்கிப் போனார்கள். அந்த வியாபாரத்தோடு வந்திறங்கிய அக்கார்டியன், உள்ளூர் மெரெங்கே பாட்டில் ஒட்டிக்கொண்டு இன்றுவரை இறங்கவில்லை. எங்கள் டாக்சியிலும் இறங்கவில்லை.

ஆனால் வெகுகாலம் சுருட்டு என்றால் பக்கத்து வீட்டுக் கியூபாதான். சிபாவோவுக்குச் சுக்கிரதிசை ஆரம்பித்தது அந்த வீட்டில் சண்டை வந்த பிறகு. 1959இல் புரட்சி, 1960இல் சுருட்டு ஆலைகள் அரசுடைமை. முதலாளிகள் பெட்டியைக் கட்டினார்கள். 1962 பிப்ரவரியில் கென்னடி கியூபாவோடு வியாபாரத்துக்கே தடை போட்டார். போடுவதற்கு முந்தின நாள் தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, விடிவதற்குள் ஆயிரம் கியூபச் சுருட்டு வேண்டும் என்றார். சாலிஞ்சர் வாஷிங்டன் கடைகளைச் சல்லடை போட்டு 1,200 கொண்டுவந்தார். எண்ணிக்கையைக் கேட்டுத் திருப்தியான பிறகுதான் கென்னடி மேசை இழுப்பறையைத் திறந்து தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டாராம். சாலிஞ்சரே பின்னாளில் எழுதிவைத்த கதை இது. கொள்கை வேறு, கையிருப்பு வேறு என்பதில் உலகத்து அரசியல்வாதிகள் எல்லாம் ஒரே கட்சி.

கியூப விதை வழிவந்த புகையிலை இந்தப் பள்ளத்தாக்கில் நன்றாகவே வேர் பிடித்தது. அதற்கு ‘பிலோட்டோ குபானோ’ என்று பேர். 1912இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் தொடங்கிய ஃபுவெந்தே குடும்பம் 1980இல் சந்தியாகோவுக்கு வந்து சேர்ந்தது. கியூபச் சரக்கையே தன் பெயரில் விற்றுவந்த ஜெனீவாவின் ஸீனோ டேவிடாஃப், தரம் சரியில்லை என்று கோபம் வந்து, 1989இல் லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளை மொத்தமாகக் கொளுத்தினார். கொளுத்துவதற்கென்றே செய்த பொருளைக் கொளுத்தி எதிர்ப்புத் தெரிவிக்க ஒரு தனித் தைரியம் வேண்டும். அதன் பிறகு அவர் கம்பெனியும் சந்தியாகோவுக்கே வந்தது.

ஊர் பேர் போட வேண்டாம் என்பதால், நாங்கள் போன ஆலையை ‘ஆலை’ என்றே வைத்துக்கொள்வோம். முதலில் இலையைப் புளிக்கவைக்கும் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். வாசலிலேயே அமோனியா மூக்கில் குத்தியது. உள்ளே ஆளுயரத்துக்கு இலையை அடுக்கி, நடுவில் நீளமான வெப்பமானியைச் செருகியிருந்தார்கள். நெருப்பும் இல்லை, வெயிலும் இல்லை. தன் பாரத்திலேயே இலை உள்ளுக்குள் சூடாகிறது. கையை நுழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சட்டென்று இழுத்துக்கொள்கிற அளவுக்குச் சுட்டது. சூடு அளவு மீறினால் அடுக்கைப் பிரித்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி அடுக்குவார்கள். இப்படி மாதக் கணக்கில் அடுக்கி, பிரித்து, பிறகு மூட்டை கட்டி வருஷக் கணக்கில் கிடப்பில் போட்டால்தான் இலையின் முரட்டுத்தனம் அடங்குமாம்.

அதற்கு முன்பே வயலில் ஒரு வடிகட்டல் நடந்துவிடுகிறது. ஒரே செடியில் மூன்று சாதி இலை. உச்சியில் வெயிலைக் குடித்து வளர்ந்தது லிஹேரோ, காரமெல்லாம் அதில். நடுவில் செக்கோ, வாசனைக்கு. அடியில் போலாதோ, சரியாக எரிவதற்கு. மைல்டு சுருட்டில் நடுவும் அடியும்தான் பெரும்பங்கு. உச்சி இலை உள்ளே வந்தாலும் ஓரமாகத்தான். மேலே சுற்றுகிற இலைக்கு இன்னும் செல்லம். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1900வாக்கில் தொடங்கிய முறைப்படி, வயலுக்கு மேல் துணிப்பந்தல் கட்டி, வெயில் நேராகப் படாமல் வளர்க்கிறார்கள். கல்லூரியில் சேரவிருந்த மார்ட்டின் லூதர் கிங் 1944 கோடையில் வேலை பார்த்தது அந்தக் கனெக்டிகட் புகையிலைத் தோட்டங்களில்தான். பந்தலுக்கடியில் வளர்ந்த இலை மெல்லிசாக, நரம்பு தெரியாமல், வெளிர் மஞ்சள் நிறத்தில் பட்டுத்துணியாக வருகிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வெயிலை மறைத்து, உச்சி இலையைத் தள்ளி, நடுநரம்பை உருவி, அமோனியாவை விரட்டி, இரண்டு மூன்று வருஷம் காத்திருந்து இவர்கள் செய்வதெல்லாம் ஒன்றுதான்: புகையிலையிலிருந்து புகையிலையைக் கழற்றுவது. கழற்றக் கழற்றக் கூலி ஏறுகிறது, கூலி ஏற ஏற விலை ஏறுகிறது. மைல்டு என்பது தண்ணீர் ஊற்றிக் கலப்பது இல்லை என்பது அப்போது புரிந்தது. காரத்தை வைத்துக் குறையை மறைக்கலாம். காரமே இல்லாத இடத்தில் ஓர் இலை சரியாகப் புளிக்காவிட்டாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

சுற்றும் கூடத்தில் மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் உள் இலைகளை விசிறி மடிப்பாக மடித்து, காற்று போக வழிவிட்டுக் கட்டு இலையில் உருட்டுகிறார். அது அச்சில் அழுந்தி வந்த பிறகு, காற்று உறிஞ்சிப் பார்க்கும் ஒரு சின்ன யந்திரத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். அடைத்துக்கொண்டால் பிரித்து மறுபடியும். அடுத்தவர் மேல் இலையைப் பலகையில் உள்ளங்கையால் நீவி, பிறைநிலா வடிவக் கத்தியால் ஓரம் வெட்டி, அடியிலிருந்து தலைவரை சாய்வாகச் சுற்றிக்கொண்டே போகிறார். தலையில் ஒரு பொட்டு இலை, ஒரு சொட்டுப் பிசின், முடிந்தது.

எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் வெளிர் நிறச் சுருட்டாகச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் வாயில் இருந்ததோ கன்னங்கரேலென்று, கோணல்மாணலாக, எந்தப் பெட்டிக்கும் பொருந்தாத ஓர் உருப்படி. தனக்குத் தானே சுற்றிக்கொண்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு அதை ஏன் குடிக்கிறீர்கள் என்று, வழிகாட்ட வந்த பெண் மூலமாக மச்சான் கேட்டார். பெரியவர் கத்தியால் முதலில் மேசையைக் காட்டினார், பிறகு தன் வாயைக் காட்டினார். “இது விற்க. இது குடிக்க.”

மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆலை முற்றத்தில் உட்கார்ந்து தன் ரொபுஸ்டோ சுருட்டைப் பற்றவைத்த பிறகுதான் தேறினார். ஐந்து அங்குல நீளம், கனத்த உடம்பு. பற்றவைப்பது ஒரு சடங்கு. தலையை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். பெட்ரோல் லைட்டர் கூடாது, வாசனை ஏறிவிடும். சுடரைத் தொடாமல், அடியை மெல்ல வாட்டி, ஊதிப் பார்த்து, வட்டம் முழுக்கக் கனன்ற பிறகே வாயில் வைக்கலாம். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் வைத்திருந்து விட்டுவிட வேண்டும். இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும் என்று சுருட்டுப் பெட்டிகளில் அச்சடித்திருக்கிறது. அந்த எழுத்துக்கு மட்டும் மச்சான் கண்ணாடி போட்டுக்கொள்வதில்லை.

“பாதாம் வருதா மாப்ள?”

“வருது மச்சான்.”

“வெண்ணெய்? வைக்கோல்? கொஞ்சம் வெள்ளை மிளகு?”

மளிகைக்கடைப் பட்டியல் முழுக்க வந்தது. புகையிலை மட்டும் வரவில்லை. ஆனால் சும்மா சொல்லக் கூடாது. அவர் சொன்னபடி துளிப் புகையை மூக்கு வழியாக விட்டபோது, வாட்டிய ரொட்டியில் வெண்ணெய் உருகும் வாசனை ஒன்று நிஜமாகவே வந்து போனது. திரும்பப் பிடிக்கலாம் என்று அவசரமாக இழுத்தால் கசப்புதான் வந்தது. சாம்பல் ஒரு அங்குலத்துக்கு வெளுப்பாக, அடுக்கடுக்காக, விழாமல் நின்றது. ஷெர்லக் ஹோம்ஸ் தன் முதல் கதையிலேயே சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். கறுப்பாக, செதில் செதிலாக உதிருமாம் நம்மூர்ச் சாம்பல். திண்டுக்கல்காரர் கையில் இந்த வெள்ளைச் சாம்பலைப் பார்த்திருந்தால் ஹோம்ஸ் குழம்பிப்போயிருப்பார்.

பாதாமும் வெண்ணெயும் இலையில் இருக்கிறதா, சுருட்டின் கழுத்தில் மாட்டிய தங்கக் காகித மோதிரத்தில் இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் உண்டு. இதை மார்க் ட்வைன் சோதித்தே பார்த்தார். அவர் குடிப்பது ஊரறிந்த மட்டச் சுருட்டு. பணக்கார நண்பர் வீட்டிலிருந்து உயர்ந்த ரகச் சுருட்டை வாங்கி வந்து, மோதிரத்தைக் கழற்றி, தன் பழைய பெட்டியில் வைத்து விருந்தாளிகளுக்கு நீட்டினார். பயபக்தியோடு பற்றவைத்தவர்கள் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கிளம்பினார்கள். மறுநாள் பார்த்தால் வீட்டு வாசலிலிருந்து தெருக்கதவு வரை சுருட்டாகக் கிடந்தது. அந்தப் பணக்கார நண்பரும் தன் சொந்தச் சுருட்டையே தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இந்தக் கதையை மச்சானிடம் சொன்னேன். “அவங்களுக்கு நாக்கு இல்ல மாப்ள” என்றார். மோதிரத்தை மட்டும் கழற்றவில்லை.

எனக்குச் சுருட்டின் உண்மையான பயன் தெரிந்தது அதற்கப்புறம்தான். திண்டுக்கல்லில் மாமனார் வீடு ஒன்று பாகம் பிரிக்காமல் கிடக்கிறது. என் மனைவிக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பேச்சை எடுத்து நாங்கள் சாதாரணமாகப் பிரிந்ததில்லை. கல்யாண மண்டபத்தில்கூட ஒருமுறை பாயசத்தோடு நிறுத்திக்கொண்டு ஆளுக்கொரு வாசல் வழியாகப் போயிருக்கிறோம். அன்று முற்றத்தில் அந்தப் பேச்சு தானாக வந்தது. மச்சான் மூக்கு விடைத்தது. “ஏன் மாப்ள, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவு பண்ணினது…” என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த சுருட்டைப் பார்த்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுக்காவிட்டால் அணைந்துவிடும். கோபத்தில் வேகமாக இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும். நிதானமாக ஓர் இழுப்பு இழுத்து, வாயில் வைத்திருந்து, விட்டார். வாக்கியத்தின் மிச்சம் புகையோடு போய்விட்டது. எனக்கும் அதே கதி. பதிலைத் தொடங்கினால் சுருட்டு கூப்பிடும். ஒரு நிமிஷத் தவணையில் எந்தச் சண்டையும் வளராது. லிஹேரோவாக இருந்திருந்தால் தலைக்கேறி நிலைமை வேறாகியிருக்கும்.

கடைசி இரண்டு அங்குலத்துக்கு வரும்போது, மேல்மாடி அவருக்கு, தரைத்தளமும் கிணறும் எங்களுக்கு என்று பேச்சு எங்கேயோ வந்து நின்றிருந்தது. சுருட்டை நசுக்கி அணைக்கக் கூடாதாம், தட்டில் வைத்தால் தானாக அடங்குமாம். வைத்தோம். இதே வேலைக்கு எங்கள் வக்கீல் வாய்தாவுக்கு வாய்தா வாங்குகிற பீஸை நினைத்துப் பார்த்தால், ஆளுக்குப் பன்னிரண்டு டாலர் கொள்ளை மலிவு.