கதவும் தாழ்ப்பாளும்

1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டணியான மெர்கோசூருக்கும் இடையே தொடங்கிய வர்த்தகப் பேச்சு ஒருவழியாக முடிந்தது 2024 டிசம்பரில். தொடங்கிய அன்று பிறந்த கன்றின் எள்ளுப்பேரன்கூட இதற்குள் யார் தட்டிலாவது பரிமாறப்பட்டிருக்கும். கணக்கு எளிது: ஐரோப்பியக் கார் மீதான 35 சதவீத வரியை மெர்கோசூர் நாட்டினர் மெல்ல மெல்லக் கரைப்பார்கள், அவர்களுடைய மாட்டிறைச்சியில் 99,000 டன் வெறும் 7.5 சதவீத வரியோடு ஐரோப்பாவுக்கு வரும். கார் செய்பவர் சிரிக்கிறார். மாடு வளர்ப்பவரோ அதே 2024-இல் பிரஸ்ஸல்ஸுக்கு டிராக்டரில் வந்து, போலீஸ்காரர்கள்மேல் சாணக் கரைசலைப் பீய்ச்சிவிட்டுப் போனார். (மனு கொடுப்பதைவிட இதற்குப் பதில் சீக்கிரம் வருகிறது.) பதில்தான் ‘பாதுகாப்பு விதி’: இறக்குமதி பெருகிச் சந்தை சரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தார் விசாரித்துச் சலுகையை நிறுத்திவைப்பார்களாம். கதவை அகலத் திறந்துவிட்டு, தாழ்ப்பாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.